குதிகால் வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுருக்கென்று வலிக்கிறது. பத்தடி நடந்தால் குறைகிறது. உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது. ஊரில் இதைக் குதிவாதம் என்பார்கள். மருத்துவரின் சீட்டில் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்று இருக்கும். இந்த வலியோடு பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களும், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் சொல்லும் பதில்கள் இவை. மாத்திரை, அறுவை பற்றி அதிகம் பேசவில்லை. கை வைத்துச் செய்யும் சிகிச்சையால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதுதான் பேச்சு.

குதிகாலில் என்னதான் கோளாறு?

குதிகால் எலும்பின் அடியில், உள்பக்கமாக ஒரு மேடு இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரை போகிறது ஒரு தடித்த நார்ப்பட்டை. அதுதான் பிளாண்டர் ஃபேசியா. பாதத்தின் வளைவு சரிந்துவிடாமல் தாங்குவது இதன் வேலை. நடக்கும்போது குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும் நேரத்தில் பட்டை இறுகுகிறது. வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகிறது. அந்த விறைப்பில்தான் நாம் உந்தி அடுத்த அடி வைக்கிறோம். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் இந்த இயக்கத்தை விவரித்தார். இன்றும் பிசியோதெரபி மாணவர்கள் படிப்பது அதைத்தான்.

ஒவ்வொரு அடிக்கும் பட்டை இழுபடும்போது அதிகச் சிரமம் விழுவது எலும்போடு அது ஒட்டியிருக்கும் இடத்தில். வலியும் அங்கேதான். இதை வீக்கமும் அழற்சியும் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவை செய்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்கான அடையாளம் தென்படவில்லை. நார்கள் நைந்து சிதைந்திருந்தன. வலி மாத்திரையைப் போட்டால் குறைவதும், நிறுத்தினால் மறுபடி வருவதும் ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதை அழுத்தித் தேய்த்துக் கரைக்க முடியுமா?

முடியாது. கரைக்க வேண்டியதும் இல்லை. குதிகாலில் முள்போல எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும் பலருக்கு வலியே கிடையாது. வலியால் துடிக்கும் பலருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் தேய்த்து எலும்பைக் கரைத்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிசியோவுக்குப் போனால் கரண்ட் வைக்கிறார்கள், மெழுகு வைக்கிறார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்க்கிறார்கள். கையால் ஒன்றும் செய்வதில்லையே?

கேட்க வேண்டிய கேள்வி. பல அறைகளில் இயந்திரத்துக்குப் பதினைந்து நிமிடம், கைக்கு இரண்டு நிமிடம் என்றுதான் நேரம் பிரிகிறது. ஒரே நேரத்தில் நான்கு பேர் படுத்திருந்தால் இயந்திரம்தான் வசதி. நோயாளிகளிலும் பாதிப் பேர், ஏதாவது மின்சாரம் ஓடினால்தான் சிகிச்சை நடந்ததாக நம்புகிறார்கள். இதில் இரண்டு பக்கமும் பொறுப்பு உண்டு.

ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு. 2009-இல் கிளீலண்டும் அவருடைய குழுவினரும் குதிகால் வலி உள்ள 60 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அல்ட்ராசவுண்டும், மின்சாரத்தின் உதவியால் தோல்வழி மருந்து செலுத்துவதும், அவற்றோடு பயிற்சியும். மற்றொரு பிரிவுக்கு கெண்டைக்காலிலும் பாதத்திலும் கையால் செய்யும் சிகிச்சை, கணுக்கால் மூட்டு அசைவுகள், கூடவே பயிற்சி. இரு பிரிவுக்கும் 4 வாரத்தில் 6 அமர்வுகள். 4 வாரம் கழித்தும் 6 மாதம் கழித்தும், நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளில் கைச்சிகிச்சை பெற்றவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். அமெரிக்க எலும்பு மூட்டு பிசியோதெரபி அமைப்பு 2023-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலும், மூட்டுக்கும் தசைக்கும் கைச்சிகிச்சை செய்யுங்கள் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நீட்டுப் பயிற்சியின் பலனைக் கூட்டுவதற்காக அல்ட்ராசவுண்ட் வைக்க வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

மெழுகு ஒத்தடம் சுகமாக இருக்கும். அதைக் கெடுதல் என்று சொல்லவில்லை. அதோடு அனுப்பிவிட்டால், வந்த வேலை முடியவில்லை.

கையால் என்னென்ன செய்வார்கள்?

இதில் பல வகை உண்டு. பொதுவாகச் செய்பவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கு நடப்பது எது என்று அடையாளம் தெரியட்டும்.

முதலில் சதையில் செய்வது. உங்களைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்கால் சதையில் கை ஓட்டி, எங்கே இறுகிய முடிச்சு இருக்கிறது என்று தேடுவார்கள். அதைத் தொட்டால் சில பேருக்கு வலி குதிகாலுக்கே ஓடும். அந்த இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தி, தடை தட்டும் இடத்தில் நிறுத்திப் பிடித்திருப்பார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பிடித்தால் சதை விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். பிறகு நீளவாக்கில் கீழிருந்து மேலாக நீவுவார்கள். உள்ளங்காலில் வேலை செய்யும்போது விரல்களை மேல்நோக்கி மடக்கி, பட்டையை விறைப்பாக்கிக்கொண்டு, அதன் மேல் குதிகால் பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டுவார்கள்.

அடுத்தது மயோஃபேசியல் ரிலீஸ். பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். எண்ணெயோ கிரீமோ இல்லாமல், வேகமும் இல்லாமல், திசுவை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். நம் பக்கத்தில் கேரளத்தில் அஜிம்ஷாவும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். 4 வாரத்தில் 12 அமர்வு. ஒப்பிட்டது போலி அல்ட்ராசவுண்டோடு. கைச்சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகவே முந்தினார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மூட்டை அசைப்பது, மொபிலைசேஷன் என்பார்கள். கணுக்காலின் முன்பக்கம் கையை வைத்து, தாலஸ் எலும்பைப் பின்னோக்கிச் சீராகத் தள்ளித் தள்ளி விடுவார்கள். பாதம் மேல்நோக்கி மடங்குவதற்கு அந்த எலும்பு பின்னால் நழுவியாக வேண்டும். நழுவாவிட்டால் கணுக்கால் மடங்காது. குதிகால் எலும்பைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சாய்ப்பது, பாதத்தின் நடுவில் உள்ள சிறு எலும்புகளை அசைப்பது, கட்டைவிரல் மூட்டை மேலே மடக்குவது எல்லாம் இதே வகைதான். எவ்வளவு ஆழம், எவ்வளவு வீச்சு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெய்ட்லண்ட் வகுத்த நான்கு படிநிலைகளைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். வலி கூடுதலாக இருக்கும்போது ஒன்று, இரண்டு. விறைப்பு கூடுதலாக இருக்கும்போது மூன்று, நான்கு. நியூசிலாந்தின் மல்லிகன் கொண்டுவந்த முறையில் நீங்கள் நின்றபடி முழங்காலை மடக்குவீர்கள், பிசியோ இடுப்பில் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு உங்கள் கணுக்காலை இழுத்துப் பிடித்திருப்பார். பார்க்கக் கயிறு இழுக்கும் போட்டிபோல இருந்தாலும், சிலருக்கு நின்ற இடத்திலேயே மடங்கும் அளவு கூடிவிடும்.

நான்காவது நரம்பு. கணுக்காலின் உள்பக்கமாக இறங்கும் டிபியல் நரம்பு சிக்கிக்கொண்டாலும் குதிகால் வலிக்கும். அந்த வலியில் எரிச்சலோ மரத்துப்போவதோ கூட வரும். காலை நீட்டித் தூக்கி, பாதத்தை மேலே மடக்கி வெளியே திருப்பி, அந்த நரம்பை முன்னும் பின்னும் நழுவ விடுவதற்கும் கை உத்திகள் உண்டு. எல்லாருக்கும் இது தேவைப்படாது.

வலி குதிகாலில். நீங்கள் ஏன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. "சார், கீழே, கீழே" என்று பாதத்தைக் காட்டுவார்கள்.

கெண்டைக்கால் சதை இறுகியிருந்தால் கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. நடக்கும்போது உடல் முன்னே போயே ஆக வேண்டும். கணுக்கால் விட்டுக்கொடுக்காத பங்கைப் பாதம் தட்டையாகிச் சமாளிக்கிறது, இல்லையென்றால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழுகிறது. இரண்டிலும் இழுபடுவது அந்த நார்ப்பட்டைதான். 2003-இல் ரிடிலும் குழுவினரும் குதிகால் வலி உள்ள 50 பேரையும் வலி இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். உடல் பருமன், வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றே இருப்பது, கணுக்கால் மடங்காமை ஆகிய மூன்றும் வலியோடு சேர்ந்து வந்தன. மூன்றிலும் வலுவான தொடர்பு கணுக்காலுக்குத்தான்.

2011-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 60 பேருக்கு நீட்டுப் பயிற்சி கொடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் கெண்டைக்கால் முடிச்சுகளில் கையழுத்தமும் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில், கையழுத்தம் சேர்ந்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது.

உங்கள் கணுக்கால் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொட வையுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளி மறுபடி பாருங்கள். இனித் தொடாது என்ற இடத்தில், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் பாருங்கள். வலிக்கும் கால் தெளிவாகக் குறைந்திருந்தால் கணுக்காலில் செய்ய வேலை இருக்கிறது. குந்தி உட்காரும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறவர்களுக்கு அளந்து பார்க்காமலே ஓரளவு தெரிந்திருக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் கணுக்காலை அசைத்துவிட்டால் போதுமா?

போதாது. இதற்கும் ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலில் ஷாஷுவாவும் குழுவினரும் 50 பேரை எடுத்து, எல்லாருக்கும் நீட்டுப் பயிற்சியும் அல்ட்ராசவுண்டும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கணுக்காலிலும் நடுப்பாதத்திலும் மூட்டு அசைவுகளைச் சேர்த்தார்கள். 2015-இல் வந்த முடிவு: சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை.

கைச்சிகிச்சையில் ஈடுபாடு உள்ள எங்களுக்கு இது இனிப்பான செய்தி இல்லை. ஆனாலும் முக்கியமான செய்தி. கிளீலண்ட் ஆய்வில் பிசியோதெரபிஸ்ட் இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதம் என்று சோதித்து, எங்கே குறை இருந்ததோ அங்கே கை வைத்தார். சதைக்கும் சேர்த்தே செய்தார். ஷாஷுவா ஆய்வில் மூட்டு அசைவு மட்டும் தனியாகச் சேர்க்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது, சோதிக்காமல் எல்லாருக்கும் ஒரே உத்தியைச் செய்வதில் பெரிய பலன் இல்லை என்பதுதான். இது என் வாசிப்பு. வேறு மாதிரி வாசிக்கும் சக பிசியோக்களும் உண்டு.

வலிக்க வலிக்க அமுக்கினால்தான் சரியாகுமா?

இல்லை. நம் ஊரில் இந்த நம்பிக்கை ஆழமானது; கண்ணில் நீர் வந்தால்தான் சுளுக்கு எடுத்ததாக அர்த்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். நார்கள் ஏற்கெனவே நைந்திருக்கும் இடத்தில் பலத்தைக் காட்டினால் மறுநாள் கால் ஊன்ற முடியாமல் போகும். அழுத்தும்போது வலி இருக்கலாம். "தாங்கிக்கொள்ளலாம், பேச்சுக் கொடுக்க முடிகிறது" என்ற அளவோடு நிற்க வேண்டும். மறுநாள் காலை முதல் அடியில் வலி முன்னைவிடக் கூடியிருந்தால் அழுத்தம் அதிகம். அதைப் பிசியோவிடம் சொல்லுங்கள். சொல்லாமல் பொறுத்துக்கொள்வதில் பெருமை இல்லை.

குதிகாலுக்கு நேர் அடியில் இயற்கையாக ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. வயதானவர்களுக்கு அது மெலிந்து, எலும்பு கைக்குத் தட்டும். வலி அந்த நடுவில் இருந்தால், அங்கே ஆழமாக அமுக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

காணொளிகளில் ஒரே இழுப்பில் சடக்கென்று சத்தம் வருகிறது, வலி போய்விடுகிறது. அதைச் செய்துகொள்ளலாமா?

அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உருவாகும்போது வருவது. விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்ட சத்தம் இல்லை. உங்கள் எலும்பு விலகியிருக்கவே இல்லை. பயிற்சி பெற்றவர், சோதித்துப் பார்த்து, கணுக்கால் விறைப்பாக இருப்பவருக்கு அப்படி ஒரு வேக இழுப்புக் கொடுக்கலாம். எலும்பு வலுவிழப்பு, அண்மையில் எலும்பு முறிவு, முடக்குவாதம் இருப்பவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. காணொளியில் தெரிவது சிகிச்சை முடிந்த நிமிடத்தின் முகம். மறுநாள் காலை முதல் அடியை யாரும் படம்பிடிப்பதில்லை.

எத்தனை முறை வர வேண்டும்?

நான் பொதுவாகச் சொல்வது, வாரம் ஒன்று அல்லது இரண்டு, மொத்தம் ஆறு அமர்வு வரை. மூன்றாவது, நான்காவது அமர்விலேயே காலை வலியில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். ஆறு முடிந்தும் அப்படியே இருந்தால் ஏழாவதுக்குப் பணம் கட்டாதீர்கள். நோய் கணிப்பு சரிதானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தினமும் வரச் சொல்லும் இடத்தில், வலியைவிட வருகைப் பதிவேடு முக்கியமாகிவிட்டது என்று பொருள்.

பயிற்சி எல்லாம் வேண்டாம், அமுக்கிவிட்டால் மட்டும் போதும் என்றால்?

இப்படிக் கேட்பவர்கள் அதிகம், அதுவும் நாள் முழுக்க நின்று களைத்து வருபவர்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் கைச்சிகிச்சையால் வலி தணிந்து கணுக்கால் இலகுவாகும் காலம் கொஞ்சம்தான். அந்த இடைவெளியில் பட்டைக்குப் பலம் ஏற்ற வேண்டும். பலம் ஏறுவது பயிற்சியால் மட்டும். மேலே சொன்ன எந்த ஆய்விலும் கைச்சிகிச்சை தனியாக நிற்கவில்லை, பயிற்சியோ நீட்டலோ கூடவே இருந்தது. கேரள ஆய்வு ஒன்றுதான் விலக்கு.

இரண்டு பயிற்சிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்வது. வலிக்கும் காலை மற்ற தொடையின் மேல் குறுக்கே போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலைப் பார்த்து இழுங்கள். உள்ளங்காலில் பட்டை தந்தி மாதிரி விறைப்பது மற்ற கையின் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து தடவை. ஒரு நாளைக்கு மூன்று முறை, முதல் முறை கால் தரையில் படுமுன். டிஜியோவானி குழுவினர் 2003-இல் 101 பேரிடம் ஒப்பிட்டபோது, குதிகால் நாணை நீட்டியவர்களைவிட இப்படிப் பட்டையை நீட்டியவர்களுக்கு 8 வாரத்தில் காலை வலி அதிகம் குறைந்திருந்தது.

இரண்டாவது கொஞ்சம் கடினமானது. மாடிப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, விரல்கள் மேலே மடங்கிய நிலையில் குதிகாலை உயர்த்துவது. 3 வினாடி ஏற்றம், மேலே 2 வினாடி, 3 வினாடி இறக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தடவைக்கு மேல் முடியாத அளவு கடினத்தில் மூன்று சுற்று தொடங்கி, இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டலாம். டென்மார்க்கில் ராத்லெஃப் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிச் செய்தவர்கள், வெறும் நீட்டல் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நல்ல முன்னேற்றத்தில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஒன்றாகிவிட்டன. ஆக, இது குணத்தை விரைவுபடுத்துகிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத படியில் செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஒற்றைக் கால் முடியாதவர்கள் இரண்டு காலிலும் செய்யலாம்.

அம்மாவுக்கு வீட்டில் நானே அமுக்கிவிடலாமா?

தாராளமாக. கெண்டைக்காலில் ஐந்து நிமிடம், உள்ளங்காலில் இரண்டு நிமிடம் போதும். அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கொஞ்சம் தொட்டு, கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி உள்ளங்கையால் நீவுங்கள். முழங்காலின் பின்குழியில் அழுத்த வேண்டாம். கெட்டியான இடம் தட்டுப்பட்டால் கட்டைவிரலை வைத்துச் சும்மா பிடித்திருங்கள். கடைசியில் விரல்களை மேலே மடக்கிப் பிடித்து, உள்ளங்காலில் மெதுவாக ஓட்டுங்கள். எண்ணெயைத் துடைக்காமல் டைல்ஸ் தரையில் நடக்க விடாதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் கையே வைக்காதீர்கள். இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அமுக்கினால் அது நகரும் ஆபத்து உண்டு. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்களுக்கும் ஆழமான அழுத்தம் கூடாது.

செங்கல்லைச் சூடாக்கி, எருக்க இலை வைத்து மிதிக்கச் சொல்கிறார்களே?

பாட்டி காலத்து வைத்தியம். சூடு இதமாக இருக்கும், வலி கொஞ்ச நேரம் தணியும். எருக்க இலையால் நார்ப்பட்டை குணமாகும் என்பதற்கு என் கையில் ஆதாரம் இல்லை. அதன் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. சூடு வேண்டுமென்றால் வெந்நீர் ஒத்தடமே போதும். மிதித்த கையோடு பட்டையை நீட்டும் பயிற்சியைச் செய்தால் அந்தச் சூட்டுக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

சர்க்கரை நோயாளிகள் செங்கல் பக்கம் போகவே வேண்டாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

சர்க்கரை இருக்கிறது. கைச்சிகிச்சை செய்துகொள்ளலாமா?

முதலில் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. சில நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் அழுத்தம் அதிகம் என்று உங்களுக்கே தெரியாது, சூடும் தெரியாது. சூட்டுக் கொப்புளத்தோடு, அது எப்போது வந்தது என்றே தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. உணர்ச்சி நன்றாக இருந்தால் மற்றவர்களுக்குச் செய்வதையெல்லாம் செய்யலாம். ஐஸ் பாட்டில் உருட்டுவதும் வெந்நீரும் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேண்டாம்.

டேப் ஒட்டுவது, ட்ரை நீடிலிங், ஸ்டீராய்டு ஊசி?

லோ-டை எனப்படும் டேப் கட்டு பாத வளைவைத் தாங்கி, சில நாளிலிருந்து சில வாரம் வரை முதல் அடி வலியைக் குறைக்கிறது. கைச்சிகிச்சை முடிந்த கையோடு நான் ஒட்டிவிடுவது உண்டு. ட்ரை நீடிலிங்கில் கெண்டைக்காலிலும் பாதத்திலும் உள்ள முடிச்சில் மெல்லிய ஊசியை ஏற்றுவார்கள், மருந்து எதுவும் செலுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் செய்த ஆய்வில் போலி ஊசியைவிட வலி குறைந்தது. ஆனால் குத்தும்போது வலிக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகக் கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை கிழியவும் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது இரண்டு வாரமாவது குதிகாலில் ஆழமாக அமுக்க விடாதீர்கள். பிசியோவிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு வாங்க வேண்டுமா?

மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்க இந்தியாவில் பயனுக்கு வந்த செருப்பு. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காலத்து மருத்துவப் பணியோடு சேர்ந்த வரலாறு. மெத்தென்று இருப்பதால் குதிகால் வலிக்கும் இதமாக இருக்கிறது. மொசைக், கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மூன்று வேளை சமையல் செய்பவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு ஜோடி அவசியம் என்பேன். சமையலறைக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தால், வீட்டுக்கு மட்டும் என்று புதிதாக ஒன்றை வாங்கி வாசலைத் தாண்டாமல் வையுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்யும் பாத அட்டைகளுக்கு அவசரப்பட வேண்டாம். 2006-இல் வெளிவந்த, 135 பேரிடம் செய்த ஆஸ்திரேலிய ஆய்வில் அளவெடுத்துச் செய்ததும், கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன.

துணிக்கடையில் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன். சிகிச்சை எடுத்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் கை வைத்துக் கொடுத்த சுகத்தைப் பன்னிரண்டு மணி நேர நிற்றல் தின்றுவிடும். 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. கடையில் ஸ்டூல் இருந்தும் உட்கார முடியாத சூழல் பல இடங்களில் இருப்பது தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எழுவதற்கு முன் அந்த விரல் இழுப்பைச் செய்துவிட்டு எழுங்கள். உட்கார்ந்து எழுந்தவுடன் வரும் சுருக் வலிக்கு அது நல்ல தடுப்பு.

வர்ம வைத்தியரிடமோ, நீவிவிடும் நாட்டு வைத்தியரிடமோ போகலாமா?

அனுபவம் உள்ள கைக்கு மதிப்பு உண்டு. கெண்டைக்காலை நீவும் உத்திகளில் எங்களுடையதும் அவர்களுடையதும் பல இடங்களில் ஒன்றுதான். நான் பயப்படுவது ஒன்றுக்கு. எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கும் காலையும் குதிவாதம் என்றே நினைத்து நீவிவிடுவார்கள். கீழே சொல்லும் அறிகுறிகள் இல்லை என்று உறுதியான பிறகு போவது உங்கள் விருப்பம்.

எப்போது இது சாதாரணக் குதிகால் வலி இல்லை?

குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் உயிர் போகும் வலி என்றால் எலும்பு விரிசல் இருக்கலாம். திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவர்களுக்கும், எலும்பு வலுவிழந்த பெண்களுக்கும் வருவது. இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பைப் பிடிக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் சில சமயம் குதிகாலில்தான் தொடங்கும். படுத்திருக்கும்போதும் இரவிலும் வலி, காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். எரிச்சலும் மரத்துப்போவதும் பாதம் முழுக்கப் பரவினால் நரம்பைப் பார்க்க வேண்டும். ஓடும்போது உள்ளங்காலில் டப்பென்று அறுந்ததுபோல் உணர்ந்து, வீங்கி, நீலம் பாய்ந்தால் பட்டை கிழிந்திருக்கலாம்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் விளையாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி பெரும்பாலும் வளர்ச்சித் தட்டில் வருவது. அதற்கு வேறு கவனிப்பு. அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

நல்ல பிசியோவை எப்படி அடையாளம் காண்பது?

முதல் நாள் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நடக்க விட்டுப் பார்த்தாரா, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தாரா, கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாரா, முதுகையும் சர்க்கரையையும் விசாரித்தாரா? கை வைத்து முடித்ததும் மறுபடி அளந்து, மாறியிருக்கிறதா என்று காட்டினாரா? இதையெல்லாம் செய்பவரிடம் இயந்திரமே இல்லாவிட்டாலும் போகலாம்.

வலி போய்விட்டது. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

உடனே நிறுத்த வேண்டாம். பலருக்கு ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் அவ்வப்போது தலைகாட்டும். படியில் குதிகால் உயர்த்தும் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து இன்னும் மூன்று மாதம் தொடருங்கள். திருவிழா, கல்யாணம், கிரிவலம் என்று வழக்கத்தை மீறி நிற்கவோ நடக்கவோ போகும் நாட்களில் காலை விரல் இழுப்பை விட்டுவிடாதீர்கள். வலி மறுபடி வந்தால் முதல் வாரத்திலேயே வாருங்கள். ஆறு மாதம் பொறுத்துவிட்டு வருபவர்களைவிட அப்போது நம் இருவருக்கும் வேலை குறைவு.